பட்டியல் காலியாக வந்தால் பயப்பட வேண்டாம்

கையேட்டுக்காரர் இருபத்தெட்டு வருடம் எழுதினார். ஒருவரும் படிக்கவில்லை.

மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வாஷிங் மெஷின் என்று வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, அதை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்துதானே எழுதியிருக்க வேண்டும்? அந்த ஆள் இவர். பெட்டியைப் பிரிக்கிறவர்கள் பொருளை எடுப்பார்கள், உத்தரவாத அட்டையைப் பத்திரப்படுத்துவார்கள். கொப்புளம் கொப்புளமாக இருக்கும் பிளாஸ்டிக் உறையைக்கூட விடாமல் எடுத்து ஒவ்வொன்றாக நசுக்கி வேடிக்கை பார்ப்பார்கள். புத்தகம் மட்டும் பிரிக்காத உறையோடு பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

அதற்காக அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. படிக்காவிட்டால் போகட்டும், என்றைக்காவது ஒருநாள் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ஆள் பதறிப்போய் அதைத் தேடுவார், அப்போது அது அவருக்கு உதவவேண்டும், அவ்வளவுதான் என்று எழுதினார். அதனால்தான் எல்லாக் கையேட்டிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். 'முதல் முறை ஓட்டும்போது லேசாகத் தீய்ந்த வாடை வரலாம், பயப்பட வேண்டாம்.' 'கதவு உடனே திறக்காது, பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடம் பொறுக்கவும்.' மேலதிகாரிகள் அடித்துப் போடுவார்கள். இவர் அச்சுக்குப் போகும்முன் வேறு பக்கத்தில் நுழைத்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் கொஞ்சம் கள்ளத்தனம் செய்வார். எந்த ஆபீசுக்குப் போனாலும் இரண்டே மாதத்தில் அவருக்குப் 'பயப்படவேண்டாம் சார்' என்று பெயர் விழுந்துவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தங்கை வீடு முதல் மாடியில், அவருடைய ஒற்றை அறை அதற்கு மேல் மாடியில். சாப்பாடு தங்கை வீட்டில். தங்கையின் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். இவர் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். இருபது வருடமாக அந்த மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

"நேத்து ஒரு வீட்டுக்குப் போனேன் மச்சான்," என்பார் மாப்பிள்ளை. "மெஷின் குதிக்குதுன்னாங்க. குனிஞ்சு பாத்தா ஒரு காலுக்கு அடியில உங்க புத்தகத்த முட்டுக் குடுத்து வச்சிருக்கான். அதுல மூணாம் பக்கத்துலயே இருக்கு, கால எப்படித் திருகி சமமாக்கறதுன்னு."

"படிச்சுக் காட்டுனீங்களா?"

"எதுக்கு? எல்லாரும் படிச்சுட்டா அப்புறம் என் பொழப்பு என்ன ஆகறது மச்சான்?"

தங்கை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாகும். அண்ணன் எழுதுவதை ஊர் படிக்காமல் இருப்பதால்தான் புருஷனுக்குச் சம்பாத்தியம் என்பது அவளுக்கு வருடக்கணக்கில் சலிக்காத வேடிக்கை.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எந்த மோட்டாரையும் பத்து நிமிடத்தில் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றால் அவருக்கு வியர்த்துவிடும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார், ஏதோ அது கடித்துவிடப் போகிறது மாதிரி. செல்போனில் ஏதாவது ஒரு கட்டம் வந்து 'சம்மதமா?' என்று கேட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி மச்சானிடம் வந்துவிடுவார்.

கையேட்டுக்காரருக்கு ஐம்பத்து நாலு வயதானபோது பழைய கம்பெனி அச்சடிப்பதையே நிறுத்தியது. அவரும் நின்றார். எட்டு மாதம் கழித்து ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. பல் மருத்துவமனைக்கு மேலே மூன்று அறைகள். கீழே யாருக்காவது பல்லைக் குடைந்தால் மேலே எல்லோரும் ஒரு கணம் வாயை மூடிக்கொள்வார்கள். முதலாளிக்கு முப்பத்திரண்டு வயது. எதைச் சொன்னாலும் "இருங்க, இருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். எனவே அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'இருங்க'. புரோகிராம் எழுதும் பெண்மணி, யார் எழுதிய புரோகிராமையும் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லித் தள்ளிவிடுவார். அவர் ஜட்ஜம்மா.

முதல் நாள் ஜட்ஜம்மாதான் வேலையை விளக்கினார்.

"சார், பிளாக்செயின்னா ஒரு பெரிய பொது நோட்டுன்னு வச்சுக்கங்க. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே நோட்டு இருக்கு. ஒரு தடவ எழுதினா அழிக்க முடியாது. 'இந்த கிரிப்டோ நாணயத்த இவ்வளவு வாங்கறேன்'னு அதுல எழுதறதுதான் ஆர்டர்."

"சரிம்மா."

"இப்பல்லாம் ஜனங்க தாங்களே உக்காந்து ஆர்டர் போடறதில்ல. ஏஜென்ட் கிட்ட சொல்லிடறாங்க. ஏஜென்ட்னா மனுஷன் இல்ல, ஏஐ. ஒரு வேலயச் சொன்னா தானே யோசிச்சு முடிச்சுட்டு வரும். ஆனா அதுக்குக் கண்ணு கிடையாது. போட்ட ஆர்டர் போய்ச் சேந்துச்சா, முடிஞ்சுச்சா, ரத்தாயிடுச்சான்னு பாக்க அதுக்கு ஒரு ஜன்னல் வேணும். நம்ம கருவிதான் அந்த ஜன்னல். அத எப்படித் திறக்கணும், உள்ள தெரியறதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க எழுதணும்."

"யாருக்கு? வாங்கறவங்களுக்கா?"

"ஏஜென்ட்டுக்கு சார். அதுதான் படிக்கும்."

"படிக்குமா?"

"ஒரு எழுத்து விடாது. ஒவ்வொரு தடவ கருவிய எடுக்கும்போதும் முதல்லேர்ந்து படிக்கும். அதுல என்ன போட்டிருக்கோ அதத்தான் செய்யும்."

அன்றைக்கு வீடு திரும்பும்போது கையேட்டுக்காரர் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார். நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், ஏறத் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடம் கழித்து ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார், எழுத்து விடாமல் படிக்கிறவர், சொன்னபடி கேட்கிறவர். மனுஷப் பிறவியில்லை என்பது ஒரு குறைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வாரம் எழுதினார். சம்பளத்துக்கு எழுதுகிறவர் மாதிரி எழுதவில்லை. முதல் கதை அச்சாகப் போகிற பையன் மாதிரி அடித்து அடித்து எழுதினார். ஒத்திகைக்கென்று ஒரு வலை வைத்திருந்தார்கள். நிஜ நாணயம் இல்லாத விளையாட்டு பிளாக்செயின் அது. அதில் நூறு முறை ஆர்டர் போட்டுப் பார்த்தார். கருவி பட்டியலைக் காட்டும். ஆர்டர் திறந்திருக்கிறது, நிறைவேறியது, ரத்தானது. சில தடவை காலிப் பட்டியல் வரும். ஒத்திகை வலையில் அப்படி வந்த ஒவ்வொரு தடவையும் ஆர்டர் உண்மையிலேயே போயிருக்கவில்லை. திரும்ப அனுப்பினால் போய்விட்டது. வழியில் ஏதோ சுணக்கம், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார். காலிப் பட்டியலைப் பார்த்துப் பதறுகிற ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினார்:

'பட்டியல் காலியாக வந்தால் பயப்பட வேண்டாம். ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்காது. மீண்டும் அனுப்பலாம்.'

ஜட்ஜம்மா சரிபார்க்கும்போது அந்த இடத்தில் நின்றார். "சார், ஏஜென்ட்டுக்கு பயம்லாம் கிடையாது. இந்த வரி வேணுமா?"

"இருந்துட்டுப் போகட்டும்மா. நாளைக்கு ஒரு மனுஷன் படிச்சாலும் படிப்பான்."

ஜட்ஜம்மாவுக்கு அன்று மாலை வேறு ஒரு கம்பெனிக்குக் கருவியை ஓட்டிக் காட்டவேண்டிய அவசரம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தீர்ப்பைத் தள்ளி வைத்தார். வரி அப்படியே கையேட்டுக்குள் போய்விட்டது.

இதே நேரத்தில் மாப்பிள்ளையின் முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. முப்பது வருடம் மெஷினைப் புரட்டிய முதுகு. இனிமேல் கனமான எதையும் தூக்கினால் ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரிந்த வேலையில் தூக்காத வேலை ஒன்றே ஒன்றுதான். உதிரி பாகங்கள் விற்கும் கடை. பெல்ட், குழாய், பம்ப் எல்லாவற்றையும் சுற்றி அடுக்கிவிட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்காரலாம். இரண்டு தெரு தள்ளி அளவான ஒரு கடையும் காலியாயிற்று. கடைக்காரர் நல்ல மனுஷர், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் போதும், அதுவரை உள்ளே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியையே கொடுத்துவிட்டார்.

அந்தச் சாவியை மாப்பிள்ளை சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். சாப்பிட உட்காரும்போது எடுத்து மேசைமேல் வைப்பார், எழுந்திருக்கும்போது பையில் போட்டுக்கொள்வார். "உக்காந்து செய்யற வேல மச்சான்," என்பார். "உக்காந்துகிட்டே!" ஏதோ ராஜ்ஜியம் கிடைத்த மாதிரி சொல்லுவார்.

முன்பணத்துக்குச் சேமிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. கொஞ்சம்தான் இடித்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் செல்போனில் ஏஜென்ட் வைத்து நாணயம் வாங்கி விற்பதைக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பேராசைக்காரர் இல்லை. சேமிப்பை அதில் போட்டாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் கட்டளையாகவே சொல்லிவிடலாம் என்று யோசித்தார். அப்புறமும் மனசு ஒப்பவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"மச்சான், இதுல கீழ சின்னதா போட்டிருக்கே, ஆர்டர சரிபாக்கறது இந்தக் கருவின்னு. இது உங்க கம்பெனிதானே?"

"ஆமா."

"நீங்க எழுதுனதா?"

"ஆமா மாப்பிள்ள." சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

"அப்ப போடலாமா?"

நாணயத்தின் விலை ஏறுமா இறங்குமா என்று அவருக்குத் தெரியாது, அதைச் சொன்னார். போனால் அந்த ஒரு பங்கு போகும் என்றும் சொன்னார். ஆனால் பத்தில் ஒரு பங்கு என்றால் அது ஒரு பங்குதான் வாங்கும், சொன்னதை மீறாது. "பயப்பட வேண்டாம்," என்றார்.

அது நடந்த நாள் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. குரலே அவருடையதாக இல்லை. "பத்து தடவ வாங்கியிருக்கு."

"என்னது?"

"ஒரு பங்குன்னேன். பத்து தடவயும் ஒவ்வொரு பங்கா வாங்கியிருக்கு. எல்லாம் போச்சு. இப்ப அந்த நாணயம் விழுந்துகிட்டே இருக்கு. நிறுத்துன்னு எங்க அமுக்கறதுன்னு தெரியல. சொல்லுங்க மச்சான், எங்க அமுக்கணும்?"

எங்கே அமுக்கினாலும் பயனில்லை. அழிக்க முடியாத நோட்டில் பத்தும் ஏறிவிட்டிருந்தன, விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. கையேட்டுக்காரர் நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜட்ஜம்மாவின் அறைக்கு ஓடினார். யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை, எண்ணை மட்டும் கொடுத்தார். அந்த ஏஜென்ட் நம் கருவியை எப்படியெல்லாம் எடுத்தது என்ற பதிவு அங்கே இருந்தது. ஜட்ஜம்மா திரையில் கொண்டுவந்தார்.

ஏஜென்ட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுதி வைக்கும். பத்து வரிகள் இருந்தன. முதல் வரி, ஒரு பங்குக்கு ஆர்டர் அனுப்புகிறேன் என்றது. இரண்டாவது வரி:

'ஆர்டர் பட்டியல் காலி. கருவியின் விளக்கப்படி இது பயப்படத் தக்கதல்ல. ஆர்டர் சேரவில்லை. மீண்டும் அனுப்புகிறேன்.'

கீழே வந்தால் மறுபடி அதே வரி. அதற்குக் கீழே மறுபடியும் அதே வரி. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படித்திருக்கிறது, சொன்னபடி செய்திருக்கிறது. பதினொன்றாவது தடவை அனுப்பாமல் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். அனுப்புவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

கையேட்டுக்காரர் 'காலி' என்ற சொல்லில் விரலை வைத்தார். "ஏம்மா காலியா வந்துச்சு? ஆர்டர்தான் போயிருக்கே?"

"நெரிசல் சார்," என்றார் ஜட்ஜம்மா. "நம்ம கருவி நேரா அந்த நோட்டப் பாக்காது. நோட்டப் படிச்சுப் பட்டியல் போட்டு வைக்கிற ஒரு சர்வர் இருக்கு, அதக் கேக்கும். இன்னிக்கு எல்லாரும் விக்க ஓடுனதுல அந்த சர்வர் ஆறு நிமிஷம் பின்தங்கிடுச்சு. ஆர்டர் போயிருக்கும், பட்டியல்ல ஏறியிருக்காது. ஒத்திகை வலையில கூட்டமே கிடையாது, அதனால உங்களுக்கு இது தெரிய வழியில்ல." திரையை மூடினார். "எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கணும். அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேன்."

ஒரு மனுஷன் காலிப் பட்டியலைப் பார்த்தால் என்ன செய்திருப்பான்? 'பயப்பட வேண்டாம்' என்று படித்தாலும் பயப்பட்டிருப்பான். ஒரு தடவை வேண்டுமானால் மீண்டும் அனுப்புவான். இரண்டாவது தடவை கை நடுங்கும், யாரையாவது கேட்பான், போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவான். இருபத்தெட்டு வருடமாக அவர் எழுதிய வாக்கியங்களுக்குப் பின்னால் மனுஷர்களுடைய பயம் காவல் நின்றிருக்கிறது. அந்தக் காவல் இந்த வாசகருக்கு இல்லை என்று ஜட்ஜம்மா அன்றைக்கே வாயைத் திறந்து சொன்னார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

'இருங்க' வந்தார். "இருங்க, இருங்க. எத்தன பேரு?"

"இதுவரைக்கும் நாலு கணக்கு," என்றார் ஜட்ஜம்மா.

"கருவி தப்பான பதில் குடுத்துச்சா? சர்வர்ல இருந்தத அப்படியே காட்டுச்சு. அப்ப கருவி சரிதான். ஏஜென்ட் நம்மளோடது இல்ல. வரிய மாத்திடுங்க. மாத்துனதப் பத்தி எங்கயும் எழுத வேண்டாம். புகார் வந்தா என்ன பதில் அனுப்பறதுன்னு சார் ஒரு பத்தி எழுதிடுவார்." இவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். "கையேட்ட எவன் சார் படிக்கறான்?"

ஆபீசில் எந்த வரியை யார் எந்த நாளில் எழுதினார்கள் என்று காட்டும் ஒரு திரை உண்டு. கையேட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்தார். அந்த வரிக்கு நேராக அவர் பெயர் இருந்தது. வரியை அழித்தார். புதிதாக எழுதினார்: 'பட்டியல் காலியாக வந்தாலும் ஆர்டர் போயிருக்கலாம். மீண்டும் அனுப்பாதே. நில். உரியவரைக் கேள்.' இத்தனை வருடத்தில் 'நில்' என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு முதலாளி கேட்ட பத்தியையும் எழுதினார். எட்டு மாதம் வேலையில்லாமல் தங்கை வீட்டில் சும்மா சாப்பிட்டவர். அந்தப் பயத்தில் எழுதினார். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கீழே சாப்பிடப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். தங்கை சோற்றுப் பாத்திரத்தை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையே மேலே வந்தார். படியேறியதில் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவிலேயே நின்றார். வந்தவர் கோபமாக இல்லை. அதுதான் இவரை வதைத்தது.

"மச்சான், உடம்பு எப்படி இருக்கு? இதப் பாருங்க. உங்க கம்பெனிக்கு நானே போன்ல ஒரு புகார் தட்டி விட்டேன். பதில் போட்டிருக்காங்க." போனை நீட்டினார். 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் கருவி சரியாகவே இயங்கியது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்...'

"யாரோ எழுதியிருக்கான் பாருங்க. கல்நெஞ்சக்காரன். வருந்தறானாம்! ஒரு மனுஷனுக்கு எழுதற மாதிரியா இருக்கு?" மாப்பிள்ளை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கு எழுத வராது மச்சான். நான் எழுதினா இவனுங்க மதிக்க மாட்டானுங்க. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க. அங்க வேல பாக்கறவர் ஆச்சேன்னு யோசிக்காதீங்க, உங்க பேரு வராது, நான் கையெழுத்துப் போடறேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்க எழுதினா அவனுங்களுக்கு உறைக்கும்."

கையேட்டுக்காரர் வாயைத் திறந்தார். "எழுதித் தர்றேன் மாப்பிள்ள," என்று மட்டும் வந்தது.

அன்று பகல் முழுவதும் எழுதினார். ஒரு பக்கம்தான். அதைப் பதினோரு தடவை எழுதினார். தேதி, நேரம், ஆர்டர் எண்கள், சர்வர் பின்தங்கிய ஆறு நிமிடம் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு அந்த வாக்கியம், முழுவதும், ஒரு எழுத்து மாறாமல். 'இந்த வாக்கியத்தைப் படித்துத்தான் ஏஜென்ட் மீண்டும் மீண்டும் அனுப்பியது. இந்த வாக்கியம் தவறு. தவறு என்று தெரிந்த அன்றே அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, கருவி சரியாகவே இயங்கியது என்று பதில் எழுதினார்கள். வாக்கியத்தை எழுதியவரும் பதிலை எழுதியவரும் ஒருவரே.' அதற்குக் கீழே தன் பெயரையும் பதவியையும் எழுதினார். இது போய்ச் சேர்ந்தால் வேலை இருக்காது என்று தெரியும். ஆனால் அவர் கணக்குப் போட்டது அதையல்ல. மாப்பிள்ளை படித்துவிடுவார், நாம் வாயால் சொல்லவேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்தார். எழுதுகிறவனுக்கு எழுதுவதுதான் சுலபம், அதில் அவருக்குக் கொஞ்சம் கோழைத்தனமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போனார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் சாவி இருந்தது. மாப்பிள்ளை வேலைப் பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் ஒரு மெஷின், லிஃப்ட் இல்லாத கட்டிடம்.

"முதுகு இப்படி இருக்கும்போது எதுக்குங்க?" என்றாள் தங்கை.

"பின்ன? சாவியத் திரும்பக் குடுத்தாச்சுன்னா இதுதானே பொழப்பு? இன்னிக்கு சாயங்காலம் குடுத்துடறேன்." காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எழுதிட்டீங்களா மச்சான்? எங்க போடணும் கையெழுத்து?"

"படிங்க மாப்பிள்ள."

"நீங்க எழுதினத நான் படிச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறேன்? சரியாத்தான் இருக்கும்." பேனாவை எடுத்தார். கீழே இருந்த பெயரைக் கவனிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சாப்புட்டுட்டுப் போங்க. இளைச்சுட்டீங்க."

கையேட்டுக்காரர் காகிதத்தைக் கையில் எடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒருவரும் படிக்காத இருபத்தொன்பதாவது வருடமாக அது முடிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். தேதி, நேரம், எண்கள். அந்த வாக்கியம் வந்தபோது தங்கையின் கை மடித்துக்கொண்டிருந்த துணியில் நின்றது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அண்ணனுடைய வாக்கியத்தை அந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? அவர் கடைசிவரை படித்தார், தன் பெயர் வரை.

ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

"அந்தப் பதிலையும் நீங்கதான் எழுதுனீங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"ஆமா."

"நான் சொன்னனே நேத்து... கல்நெஞ்சக்காரன்னு. சும்மா கேட்டுகிட்டு உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் வைத்தார். "அந்த வரி... மெஷினுக்குப் பயம் கிடையாதே. யார நெனச்சுகிட்டு அப்படி எழுதுனீங்க?"

இருபது வருடமாக எழுதும்போதெல்லாம் எதிரில் உட்கார வைத்துக்கொண்ட ஆள் யாரென்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு அடி தள்ளி நிற்கிற ஆள். சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னதில்லை.

"உங்களத்தான் மாப்பிள்ள," என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எப்பவும் உங்களத்தான்."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து கீழ் வரை படித்தார். முடித்துவிட்டுத் திரும்ப மேலே போய் இன்னொரு தடவை படித்தார். கையேட்டுக்காரர் எழுதியதை ஒரு மனுஷர் முழுவதும் படித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காகிதத்தை மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். மேசையிலிருந்த சாவியை எடுத்து, சட்டைப் பையில் வைக்காமல், வேலைப் பையில் ஸ்பேனர்களோடு போட்டார். பையைத் தூக்கும்போது முதுகு பிடித்தது. தூக்கக் கை நீட்டிய கையேட்டுக்காரரைத் தலையசைத்துத் தடுத்துவிட்டார்.

"ஒரு பிழையும் இல்ல சார்," என்றார். "அனுப்பிடுங்க."